ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு அர்த்தம்

மேடம் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. டீ வாங்கிக் கொடுத்தால் குடித்துவிட்டு கிளாசை ஓரமாக வைப்பார். சர்க்கரை கம்மியாக இருந்தால் மட்டும் "அண்ணா, சர்க்கரை" என்பார். அந்த இரண்டு வார்த்தை வரவில்லை என்றால் டீ நன்றாக இருந்தது என்று நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். கரண்ட் போனால் "போச்சு" என்பார். திரும்பி வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். வந்த புதிதில், இந்தப் பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, பிடிக்காமல் இருந்தால் சொல்லியிருப்பார்.

என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். கிண்டலுக்கு நான்தான் மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தேன். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கடைக்கு வரும் காலேஜ் பசங்கள் மேடம் என்றார்கள், டீக்கடைக்காரர் மேடம் என்றார், கடைசியில் அவருடைய மாமியாரே "மேடம் கிளம்பிடுச்சா தம்பி" என்று என்னிடம் கேட்கும்படி ஆகிவிட்டது.

அப்போது நான் செம்பாக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம், கோயில் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் உள்ளே இருக்கும் சாமிக்கும் உள்ள சம்பந்தம்தான். நான் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து கேம்ப் ரோடு வழியாக மேடவாக்கம். ஒரு மழைக்காலத்தில் ராஜகீழ்ப்பாக்கத்தில், கண்ணுக்குத் தெரிந்த பள்ளத்துக்கு ஒதுங்கி, தெரியாத பள்ளத்தில் விட்டேன். ஏறியிருந்தவர்கள் எல்லாம் எழுந்து, உடையைத் தட்டிக்கொண்டு, அடுத்த ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள். ஆட்டோவும் நானும் மட்டும் படுத்திருந்தோம். காலில் கம்பி வைத்த டாக்டர், "இனிமே உக்காந்து பண்ற வேலை எதாவது பாருங்க" என்றார். ஆட்டோவும் உட்கார்ந்து பண்ணுகிற வேலைதான். அதை அவரிடம் சொல்லவில்லை. மயக்கத்தில் இருந்தேன்.

சென்டர் என் மச்சானுடையது. மனைவியின் தம்பி. அவன் சிறுசேரியில் கட்டடம் எழும்புகிற இடத்தில் சூப்பர்வைசர் வேலைக்குப் போய்விட, கல்லாவுக்கு ஓடிப் போக முடியாத ஓர் ஆள் தேவைப்பட்டது. என் படிப்பு எட்டாவது. ஏ பி சி டி நான் நம்பர் பிளேட்டில் கற்றுக்கொண்டது. அதனால் எனக்கு எழுத்து தெரியும், வார்த்தை தெரியாது.

அந்தச் சமயத்தில் ஒரு புரளி கிளம்பியது. திருட்டு சாஃப்ட்வேர் போட்ட சென்டர்களில் ரெய்டு வருகிறது, குரோம்பேட்டையில் வந்துவிட்டது, பல்லாவரத்தில் கம்ப்யூட்டர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று. வந்தவர்களைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் மச்சானுக்குப் பேதி கண்டது. காசு செலவில்லாமல் யோக்கியனாக இருக்க ஏதாவது வழி உண்டா என்று விசாரித்தான். உண்டு என்றார்கள். அதன் பெயர் லினக்ஸ், யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அது தெரிந்தவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியே இருந்தார்.

மேடம் ஆம்பூர்ப் பெண். கல்யாணமாகி செம்பாக்கம் வந்தவர். புருஷன் சவுதியில் ஏ.சி. மெக்கானிக். வீட்டில் மாமியாரும் இவரும்தான். மேற்குத் தாம்பரத்தில் சும்மா சொல்லிக்கொடுத்த ஒரு வகுப்புக்குப் பொழுதுபோகாமல் போய், அங்கே இதைக் கற்றுக்கொண்டிருந்தார். தலையில் துப்பட்டா, கையில் டிபன் பாக்ஸ், ஒரு சின்ன கருப்பு செல்போன். மச்சான் சம்பளம் பேசி அவரைக் கடைக்கு வரச் சொன்னான். வந்தார், நாற்காலியை இழுத்தார், வேலையை ஆரம்பித்தார்.

ஸ்கிரீன் கறுப்பாகிவிட்டது. படம் இல்லை, கலர் இல்லை. சில வெள்ளை எழுத்தும், கடைசியில் ஒரு டாலர் குறியும், அதன் பக்கத்தில் கண்சிமிட்டுகிற ஒரு கோடும் மட்டும்.

"இன்னா மேடம், டாலர் காட்டுது. குடுக்குமா?"

"அது நமக்காகக் காத்துட்டு இருக்குண்ணா. நாமதான் எதாவது சொல்லணும்."

"இன்னா சொல்றது?"

"முதல்ல எங்க நிக்கிறோம்னு கேக்கணும்."

பி டபிள்யூ டி என்று மூன்று எழுத்தை அடித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மூன்று எழுத்தையும் நான் ஏரிக்கரையில், பொதுப்பணித்துறை போர்டில் பார்த்திருக்கிறேன்.

"ஏரிக்காரங்க எங்க மேடம் இதுக்குள்ள வந்தாங்க?"

மேடம் சிரிக்கவில்லை. "எங்க நிக்கிறோம்னு தெரியாம எதையும் அழிக்கக் கூடாதுண்ணா" என்றார். அவ்வளவுதான் பாடம்.

அடுத்து என்னையே ஒரு ஃபைலைக் காப்பி பண்ணச் சொன்னார். ஒரு விரலால், கோழி பொறுக்குகிற மாதிரி, எழுத்து எழுத்தாகத் தேடி அடித்து, என்டரைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அதே டாலர், அதே கண்சிமிட்டல்.

"பூட்ச்சி மேடம். ஒண்ணியும் வரல."

"வரலைன்னா நடந்துடுச்சுன்னு அர்த்தம்."

"முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடும்?"

"தப்பா இருந்தாத்தான் சொல்லும். ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு அர்த்தம்."

"அப்படியே என் வூட்டுக்காரிக்கு நேர் எதிர் மேடம் இது. அவ சரியா இருந்தாலும் சொல்லுவா, தப்பா இருந்தாலும் சொல்லுவா, நான் தூங்கிகினு இருந்தாலும் சொல்லுவா."

இதற்கும் சிரிக்கவில்லை. துப்பட்டா நுனியைக் காதுக்குப் பின்னால் சொருகிக்கொண்டு அடுத்ததைக் காட்டினார்.

எனக்கு ஆட்டோ வழியாகத்தான் எதுவும் ஏறும். காலேஜ் பசங்கள் அப்போது ப்ராஜெக்டை ப்ளாப்பியில் கொண்டுவருவார்கள். ப்ளாப்பியை உள்ளே தள்ளினால் மட்டும் போதாது, ஏற்று என்று ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் இறக்கு என்று சொல்ல வேண்டும். ஆளை ஏத்து, ஆளை இறக்கு. இதைச் சொன்னதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஆனால் பழக்கதோஷம், ஆள் முழுசாக இறங்குவதற்குள் வண்டியை எடுத்துவிடுவேன். ஒருநாள் இறக்காமலேயே ப்ளாப்பியைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் ஸ்கிரீனில் நீளமாக ஒரு வரி வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் திட்டு என்று தெரிந்துவிட்டது. முப்பத்தி சொச்சம் வருஷமாகத் திட்டு வாங்கியவனுக்குப் பாஷை எதற்கு?

மேடம் எட்டிப் பார்த்து, "இப்போ பேசுது பாருங்க" என்றார். அன்றைக்கு அவர் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று நான் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

இப்போது அந்தப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் அது அடிக்கும். சவுதியில் அப்போதுதான் ஜும்மா தொழுகை முடிகிற நேரம். கீ போர்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். அடிக்கும்போது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்ப்பார். நிற்கும். "வந்துடுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி வேலையைப் பார்ப்பார். முதல் தடவை நான் பதறிவிட்டேன்.

"மேடம், போன் அடிக்குது. கூப்புடறாங்க."

"மிஸ்டு காலுண்ணா. நல்லா இருக்கேன்னு அர்த்தம். எடுக்கக் கூடாது."

"எடுத்தா?"

"அவருக்குக் காசு போயிடும்."

ஏற்பாடு தெளிவாக இருந்தது. புருஷனுடைய செல்லிலிருந்து வந்தால் எடுக்கக் கூடாது. பேச வேண்டும் என்றால் அவர் மாதத்துக்கு ஒருமுறை பூத்துக்குப் போய்க் கூப்பிடுவார், அப்போது வேறு நம்பர் வரும், அதை எடுக்கலாம். அன்றைக்கு வளைகுடாவில் ஆள் வைத்திருந்த எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே சட்டம்தான். வீட்டுக்கு வீடு மணி அடிக்கிற கணக்குதான் மாறும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒரு மணி என்றால் நலம், இரண்டு மணி என்றால் பணம் அனுப்பியாயிற்று. கூப்பிடுகிறவர்களும் எடுக்காதவர்களுமாகச் சேர்ந்து ஒரு குடும்பத்தையே நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலை நேரம். கடையில் கூட்டமில்லை. மேடம் ஒரு பெட்டியைத் திறந்து வைத்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசு தட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லையே" என்றார்.

அது நிற்கவில்லை. எப்போதும் அடிக்கிறதைத் தாண்டி அடித்துக்கொண்டே இருந்தது. மேடம் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடு மேடம்."

"அவர் நம்பருதாண்ணா. எடுக்கக் கூடாது. தெரியாம கை பட்டிருக்கும்."

முழுசாக அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, அதுவும் முழுசாக. மேடம் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் கோத்து, அது ஓய்கிறவரை சட்டத்தைக் காப்பாற்றினார். ஓய்ந்ததும் "வந்துடுச்சு" என்று சொல்லவில்லை.

சாயங்காலம் கேம்ப் ரோடு பூத்துக்குப் போய் மேடமே கூப்பிட்டுப் பார்த்தார். ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் அரபியில் சொன்னாளாம். அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நானும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றரை. நாலு. அசர் தொழுகைக்கு நேரமாகிறது என்று மேடம் எழுந்து போனைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அதற்கு அடுத்த வெள்ளியும் அப்படித்தான்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லை. கேட்டுவிட்டேன்.

"மேடம், சவுதில இருந்து எதாச்சும்..."

"தப்பா எதாவது இருந்தா தகவல் வந்திருக்கும்ணா. கம்பெனி சொல்லும். ரூம்ல கூட இருக்கறவங்க சொல்லுவாங்க. யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னுதானே."

நான் தலையாட்டினேன். அவர் சொல்லிக்கொடுத்த பாடம்தான், அதில் நான் எங்கே குறை கண்டுபிடிப்பது? அனுப்பிவைத்த மண்ணடி ஏஜென்டும் அதையேதான் சொன்னானாம். ஆட்களை வேறு சைட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், பாலைவனம், டவர் இருக்காது, கெட்ட சேதி என்றால் முதலில் எனக்குத்தானே வரும் என்று. மேடம் தினமும் வந்தார். டீ குடித்தார். சர்க்கரை குறைந்தபோது சொன்னார். மாதங்கள் போனது அவர் முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. காலண்டரைப் பார்த்தால்தான் தெரிந்தது.

ஒருநாள் மாமியார் கடைக்கு வந்தார். மேடம் பக்கத்தில் இங்க் வாங்கப் போயிருந்த நேரம். குட்டையான அம்மா, வெள்ளைப் புடவை, கையில் புருஷன் காலத்துக் குடை. கல்லாவுக்கு எதிரில் உட்கார்ந்து வரிசையாகப் பெட்டிகளைப் பார்த்தார்.

"தம்பி, இதுல உலகமே இருக்குன்றாங்களே."

"இருக்குன்னுதாம்மா சொல்லிக்கினு கீறாங்க. எனக்கு மேடவாக்கம் வரைக்கும்தான் தெரியும்."

"என் புள்ளயத் தேடிப் பாரேன்."

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. எந்திரம் ஓடவில்லை என்று பொய் சொன்னேன். எதிரே நாலு பசங்கள் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா அவர்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"மருமக சொல்லுது, ஒண்ணும் சேதி இல்லைன்னா நல்லா இருக்கான்னு. அது படிச்ச புள்ள. அது இங்க இருக்கற வரைக்கும் என் மகன் இருக்கான் தம்பி. அது கிளம்பிப் போச்சுன்னா அவன் இல்லைன்னு அர்த்தம்."

குடையை ஊன்றி எழுந்து போனார். அன்றைக்குத்தான் விஷயம் எனக்கு முழுசாகத் தெரிந்தது. மேடம் தனக்காக மட்டும் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

ஆனால் மேடத்துக்கு ஒரு அண்ணன் இருந்தார். ஆம்பூரில் செருப்பு மேல்தோல் தைக்கிற சின்னப் பட்டறை. தங்கையைத் தனியாக ஒரு கிழவியோடு எத்தனை நாள் விட்டுவைப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வந்திருக்கிறார். திங்கட்கிழமை மேடம் வந்து டிபன் பாக்ஸை வைத்துவிட்டு, கீ போர்டைத் துடைத்தபடியே சொன்னார்.

"அண்ணன் வந்துச்சு. கூட வந்துடச் சொல்லுது."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்போ சரின்னு அர்த்தமா?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். மேடம் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது அப்படித்தாண்ணா எடுத்துக்கிச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை வண்டியோட வருது."

அந்த வாரம்தான் வேளச்சேரி ரோட்டைத் தோண்டினார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது, தோண்டுகிறவர்களுக்கும் தெரியாது. வியாழக்கிழமை காலை கடையைத் திறந்தால் நெட் இல்லை.

காலையில் வந்ததும் மேடம் முதலில் செய்கிற ஒரு வேலை உண்டு. பிங் என்று அடித்து, பக்கத்தில் எங்கேயோ இருக்கிற ஒரு பெரிய கம்ப்யூட்டரின் நம்பரை அடிப்பார். உடனே வரிவரியாக வரும். முதல் இரண்டு வரி வந்ததும் இரண்டு பட்டனை அமுக்கி நிறுத்திவிடுவார். இத்தனை நாள் நான் அதை ஊதுவத்தி ஏற்றுகிற மாதிரி ஒரு சடங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அடித்தார். மேலே ஒரே ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு பெருமை. இத்தனை மாதம் படித்தவன் இல்லையா.

"ஒண்ணும் சொல்லல மேடம். அப்போ நெட்டு ஷோக்கா கீது."

"இல்லண்ணா. இதுல ஒண்ணும் சொல்லலைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தம்."

"இன்னா மேடம் பேஜாரா கீது. காப்பி பண்ணும்போது பேசலைன்னா நல்லதுன்ன. இங்க பேசலைன்னா ஆள் இல்லையா? ஒரே பொட்டி, ஒரே வாயி, அதுக்கு ரெண்டு நியாயமா?"

"நாம என்ன கேட்டோம்னு ஒண்ணு இருக்குல்லண்ணா." மேடம் ஸ்கிரீனைப் பார்த்தபடி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னார். "அது வேலை சொல்றது. வேலை சொன்னா, பேசாம செஞ்சுட்டுப் போகலாம். இது கூப்பிடறது. இருக்கியான்னு கேக்கறோம். கூப்பிட்டா பேசாம இருக்கக் கூடாது."

சொல்லி முடித்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேடம் அசையவில்லை. நான் கல்லாவில் சில்லறையை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, இருக்கிறதிலேயே மட்டமான கேள்வியைக் கேட்டேன்.

"இது எப்போ நிக்கும் மேடம்?"

"தானா நிக்காதுண்ணா. கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். நாமதான் நிறுத்தணும்."

நிறுத்தவில்லை. அதற்கு எதிரில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பசங்கள் எட்டிப் பார்த்தார்கள், நெட் இல்லை என்று கைகாட்டினேன், போனார்கள். கேபிள்காரன் சைக்கிளில் வந்து, "ஒயரு அறுந்துட்ச்சு தல, ஜேசிபிக்காரன் வாரிட்டான், நாளைக்கு ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். மேடம் காதில் அது விழுந்ததா தெரியவில்லை. டிபன் பாக்ஸ் திறக்காமல் கிடந்தது. டீ ஆறி ஆடை படிந்தது. சர்க்கரை போதுமா என்று எனக்குத் தெரியவே இல்லை.

"மேடம், ஒயருதான் அறுந்துது. அந்தப் பக்கம் பொட்டி நல்லாத்தான் கீதாம்."

"தெரியும்ணா."

மத்தியானம் தாண்டி, மூன்று மணி வாக்கில் அந்த இரண்டு பட்டனையும் அமுக்கினார். நின்றது. நின்றதும் கீழே ஒரு கணக்கு வந்தது. எனக்கு எண் படிக்கத் தெரியும், நம்பர் பிளேட் புண்ணியம். கூப்பிட்டது ஆயிரக்கணக்கில் இருந்தது. திரும்பி வந்தது சைபர்.

"நிறுத்தினாத்தான் கணக்கு சொல்லும்" என்றார். பெட்டியை அணைத்தார். தொடாத டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அழுதிருந்தால் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருப்பேன். அதற்கு எனக்கு வழி தெரியும்.

மறுநாள் நெட் வந்துவிட்டது. பிங் அடித்தபோது வரிவரியாகப் பதில் வந்தது. மேடம் இரண்டு வரி பார்த்துவிட்டு எப்போதும் போல நிறுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு டாடா சுமோ கடை வாசலில் வந்து நின்றது. முன்சீட்டில் அண்ணன். பின்னால் மூட்டை, பக்கெட், மடக்குக் கட்டில். நடுவில் குடையோடு மாமியார். அண்ணன் இறங்கி வந்து, யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்கிற மாதிரி என்னிடம் சொன்னார்.

"ஒருத்திக்குத்தான் வண்டி கொண்டாந்தேன் சார். வந்து பாத்தா மாமியும் மூட்டை கட்டி உக்காந்திருக்காங்க. இது ஒரு வார்த்தை முன்னாடி சொல்லுச்சா?"

"மாமியும் வராங்கண்ணே" என்றார் மேடம், அப்போதுதான் முதல்முறையாகச் சொல்வதுபோல.

அண்ணன் தங்கையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அப்புறம் போய்க் கட்டிலை இழுத்து வேறு பக்கம் நகர்த்தி, அந்த அம்மாவுக்குக் கால் நீட்ட இடம் பண்ணிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் சரி என்றுதான் அர்த்தம்.

மாமியார் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். "தம்பி, என் புள்ள வந்தான்னா ஆம்பூருன்னு சொல்லு."

"சொல்றேம்மா."

மேடம் கல்லாவுக்கு வந்து அந்தக் கருப்புப் போனையும் சார்ஜரையும் மேஜைமேல் வைத்தார். அந்தக் காலத்தில் மலிவு சிம் எல்லாம் சென்னையைத் தாண்டினால் ஊமை. ஆம்பூரில் அது வெறும் டப்பா. அண்ணன் வீட்டு லேண்ட்லைன் நம்பரைச் சுவரில், ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில், பென்சிலால் எழுதினார்.

"அடிச்சா எடுங்கண்ணா."

"எடுக்கக் கூடாதுன்னுவியே மேடம்."

"எடுங்க."

"காசு பூடுமே அவருக்கு."

"போகட்டும்."

வண்டி கேம்ப் ரோடு பக்கம் திரும்பியது. அன்றைக்கு அந்தப் போனை சார்ஜில் போட்டேன்.

மேடத்தைப் பற்றி அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. சென்டர் இன்னும் கொஞ்ச காலம் ஓடியது. வீட்டுக்கு வீடு நெட் வந்ததும் மூடிவிட்டோம். கடையைக் காலி பண்ணும்போது சுவர் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து, வேறு இடத்தில் பத்திரமாக எழுதிக்கொண்டேன். ஆம்பூருக்கு ஒருமுறையும் கூப்பிடவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இருந்தால்தானே? நான் கூப்பிடவில்லை என்றால் போன் அடிக்கவில்லை என்று அர்த்தம். மேடத்துக்கு அது புரியும். நான் கூப்பிடாததை அவர் ஆம்பூரில் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருப்பார்.

கால் தேறி மறுபடி ஷேர் ஆட்டோவுக்கு வந்துவிட்டேன். மறுபடியும் உட்கார்ந்து பண்ணுகிற வேலை. அந்த செல்போன் செத்துவிட்டது. சிம்மைச் சாகவிடவில்லை. புதுப் போன் வாங்கியபோது அதையே அதில் போட்டேன், அதுதான் இப்போது என் நம்பர். மகன் கிண்டல் பண்ணுவான், மணி அடிப்பதற்கு முன்னாலேயே நீ எடுத்துவிடுகிறாய், அந்தப் பக்கம் இருப்பவர்கள் பயந்துவிடுகிறார்கள் என்று. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் சவாரி எடுப்பதில்லை. செம்பாக்கம் ஏரிக்கரையில், அந்த மூன்று எழுத்து போர்டு பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன். எங்கே நிற்கிறோம் என்றாவது தெரிய வேண்டும் இல்லையா?

போன வெள்ளிக்கிழமை அடித்தது. எடுத்தேன்.

"சார், பர்சனல் லோன் விஷயமா பேசறோம். ஒரு நிமிஷம் பேசலாமா?"

"பேசும்மா."

அந்தப் பெண் பேசியது. முழுசாகக் கேட்டேன். வட்டி, தவணை, எல்லாம். முடித்துவிட்டுக் கேட்டது.

"சார், இந்த நம்பர் உங்களோடதுதானே?"

"இல்லம்மா. நான் சும்மா பாத்துகினு கீறேன்."